பாகற்காயும் காரீயமும்

ஜூலை 12, சனி

மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு தலையணைமேல் வைத்து, இன்னொரு தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஆறு வாரம் இப்படித்தான் என்று வேலூரில் டாக்டர் சொல்லிவிட்டார். மழை பெய்தால் தொலைநோக்கி இருக்கும் மலையில் எங்கள் விடுதி வாசலில் பாசி பிடிக்கும், பார்த்து நடங்கள் என்று எல்லோருக்கும் உபதேசம் செய்பவள் நான்தான். வழுக்கி விழுந்தவளும் நான்தான்.

குடியாத்தம் வீட்டுக்கு வந்ததற்கு ஒரே காரணம், இங்கே மாடிப்படி இல்லை. பெங்களூரில் என் அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. விழுந்த அன்று சித்தி போனில் “வந்துடு” என்றாள். நான் “சரி” என்றேன். அதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

புது நோட்டு என்பதால் முறைப்படி அறிமுகம். நான் குமுதவல்லி, முப்பத்து நான்கு வயது, பழைய நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்து அவற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது தொழில். சித்தி தனபாக்கியம். என் அம்மா இறந்த மறுவருஷம், எனக்கு ஆறு வயதில், அப்பா கட்டிக்கொண்டு வந்தவள். இந்த ஏப்ரல் வரை தபால் ஆபீசில் பார்சல் கவுண்டர். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் இப்போது அவள் மட்டும்.

நான் வருவது பொங்கலுக்கும் அம்மாவுக்கு வைக்கும் ஆடிப் படையலுக்கும். பொங்கலுக்கு வந்தால் சித்தி கலகலப்பாக இருப்பாள். ஆடிக்கு வந்தால் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள், ஒதுங்கியே இருப்பாள். பருவத்துக்குப் பருவம் மாறுகிற மனுஷி. ஆடி பிறக்கப்போகிறது. ஆறு வாரத்தை எப்படித் தள்ளப்போகிறேனோ தெரியவில்லை.

மதியம் பாகற்காய்ப் பொரியல். இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். “அப்டியே உங்கம்மா” என்றாள். பல வருஷமாக இதைச் சொல்கிறாள். அம்மாவின் முகமே எனக்குப் படத்தில் பார்த்ததுதான். அவளிடமிருந்து எனக்கென்று வந்து சேர்ந்தது இந்த ஒரு ருசி. அதனால் யாராவது பாகற்காயைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஜூலை 13, ஞாயிறு

வாக்கரைத் தள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போய் வருவதற்குள் ஒரு யுகம் ஆகிறது. படுக்கும்போது காஸ் மூடினாயா என்று கேட்டேன். மூடினேன் என்றாள் சித்தி. போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

பட்ட காலிலேயே படும் என்பது சும்மா இல்லை. பத்திரிகைக்கு அனுப்பிய என் கட்டுரையை மதிப்பிட்டவரின் கடிதம் இன்று வந்தது.

என் நட்சத்திரத்துக்குப் பெயர் கிடையாது, பட்டியலில் ஒரு எண்தான். நம் சூரியனைப்போல் இரண்டு பங்குக்கு மேல் வயது. அது பிறந்த காலத்தில் உலகத்தில் இரும்பே அரிது, அதனால் அதற்குள்ளும் இரும்பு பேருக்குத்தான் இருக்கிறது. ஆனால் காரீயம் மட்டும் அள்ளிக் கொட்டியதுபோல் இருக்கிறது. அந்த நட்சத்திரத்தால் அதைச் செய்திருக்க முடியாது. காரீயம் செய்ய நட்சத்திரம் முதுமையில் ஊதிப் பெரிதாக வேண்டும், இது இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. அப்படியென்றால் பக்கத்தில் ஒரு துணை இருந்திருக்க வேண்டும். அது முதலில் முதுமையடைந்து, செய்ததையெல்லாம் இதன்மேல் கொட்டிவிட்டு, இப்போது கண்ணுக்குத் தெரியாத கரித்துண்டாக இதோடு சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

துணை இருந்தால் நட்சத்திரம் ஓரிடத்தில் நிற்காது. கொஞ்ச காலம் நம்மை நோக்கி வரும், கொஞ்ச காலம் விலகும். இரண்டு வருஷமாக மலைத் தொலைநோக்கியில் அளந்தேன். ஜனவரியில் விலகுகிறது, மே மாதத்தில் நெருங்குகிறது. நொடிக்கு முப்பது கிலோமீட்டர் வித்தியாசம். துணை கிடைத்துவிட்டது என்று போன மாதம் எங்கள் துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். கைதட்டினார்கள்.

மதிப்பிட்டவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். இது சுற்றிவரும் காலம் ஏறக்குறைய ஒரு வருஷம் என்கிறீர்கள், அது பூமி சுற்றும் காலமும் ஆயிற்றே, பூமியின் ஓட்டத்தைச் சரியாகக் கழித்துவிட்டீர்களா?

எனக்கு வந்த கோபத்தில் கால் வலி மறந்துவிட்டது. நாம் நிற்பது ஓடும் பூமியில், அந்த ஓட்டத்தைக் கழிக்காமல் நட்சத்திரத்தின் ஓட்டத்தைச் சொல்லக் கூடாது என்பது அரிச்சுவடி. நான் ஒவ்வோர் இரவுக்கும் என் கையாலேயே கழித்தேன். இதில் தவறென்றால் துணை இல்லை. துணை இல்லையென்றால் கட்டுரை இல்லை, மூன்று வருஷ வேலை இல்லை, கூட்டத்தில் சொன்னதும் பொய்.

சாயங்காலம் நூருல்லா போன் செய்தான். தொலைநோக்கிப் பதிவுகளைச் சுத்தம் செய்யும் புதுக் கணினி நிரலை எங்களுக்கு எழுதித் தந்தவன், என்னோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவன், ஆம்பூர்க்காரன். கணக்கை நானும் ஒருதரம் பார்க்கட்டுமா என்று கேட்டான். தேவையில்லை என்றேன். தன் கையே தனக்குதவி.

ஜூலை 19, சனி

தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான், மாவுக்கட்டு எதற்கு, புத்தூர் கட்டுக்குப் போயிருக்கலாமே. சித்தி எல்லோருக்கும் காபி கொடுத்து, எல்லோரிடமும் ஆமாம் ஆமாம் என்று சொல்லி அனுப்பிவைக்கிறாள். கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்த பழக்கம்.

நேற்று ஆடி முதல் வெள்ளி. முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். கூழ் ஊற்றிக் கொடுத்து, கூடத் தொட்டுக்கொள்ள மாங்காய் வைத்துவிட்டு, டி.வி. பார்க்கப் போய்விட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

மடிக்கணினியில் என் நட்சத்திரத்தின் நிறமாலை வரைகோட்டைத் திறந்து வைத்திருந்தேன். சித்தி வெங்காயம் உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்து, இது என்ன இ.சி.ஜி.யா என்று கேட்டாள். ஒரு விதத்தில் அப்படித்தான் என்றேன். பிறகு சும்மா இருக்காமல் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன்.

“ரசம் வைக்கிற ஈயமா?”

“அது வெள்ளீயம் சித்தி. இது காரீயம். மீன் வலையில குண்டு கட்டுவாங்களே, அது.”

“அவ்ளோ கனமானது மேல எப்டி நிக்குது?”

நிற்பதில்லை, ஆவியாகக் கலந்து இருக்கிறது என்று விளக்கினேன். அவளுக்கு அதைவிட வேறொன்று உறுத்தியது. இரும்பே இல்லாத ஏழை நட்சத்திரத்தில் அதைவிடக் கனமான சாமான் எப்படி நிறைய இருக்கும்? நியாயமான கேள்வி. எங்கள் ஆட்களும் ஒருகாலத்தில் இதைக் கேட்டுத்தான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

பந்தியை வைத்துச் சொன்னேன். முதிர்ந்த நட்சத்திரத்துக்குள் நியூட்ரான் என்கிற துகள்கள் சுற்றிக்கொண்டிருக்கும். இரும்பு அணு ஒவ்வொன்றும் இலை போட்டு உட்கார்ந்த ஆள். நியூட்ரான் ஒவ்வொரு கரண்டியாக இலையில் விழ விழ ஆள் கனத்துக்கொண்டே போவான். இரும்பு நிறைய உள்ள பணக்கார வீட்டில் பந்தியில் ஆயிரம் பேர், ஆளுக்கு ஒரு கரண்டிதான், பாதி வழியில் பேரியம் என்கிற நடுத்தரக் கனத்தோடு எழுந்துவிடுவான். ஏழை வீட்டில் பந்தியில் நாலே பேர். குண்டான் முழுக்க அந்த நாலு இலைக்குத்தான். சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கடைசிவரை, காரீயம்வரை போய்விடுவார்கள். அதற்கு மேல் அந்த வழியில் போக முடியாது.

சித்தி உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். “அப்போ பந்தி நடந்தது இந்த வீட்ல இல்ல. பக்கத்து வூட்ல நடந்து, மிச்சத்த இங்க குடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“ஆமா. அந்தப் பக்கத்து வீட்டத்தான் தேடிக்கினு கீறேன்.”

பெங்களூரில் பத்து வருஷம் இருந்தும் இந்தக் ‘கீறேன்’ மட்டும் இந்த வீட்டு வாசலில் நுழைந்ததும் திரும்பி வந்துவிடுகிறது.

ஜூலை 28, திங்கள்

மதிப்பிட்டவருக்குப் பதில் எழுதி முடித்தேன். மரியாதையான பதில், ஆனால் உள்ளே சுருக்கென்று இருக்கும். படையல் முடிந்ததும் அனுப்பலாம் என்று வைத்திருக்கிறேன். சித்தி வாசல் கதவைத் தாழிட்ட பிறகு போய் ஒருதரம் இழுத்துப் பார்த்தேன். “இதே பொழப்பு உனக்கு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அம்மாவுக்குப் படையல்.

புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போன பெண்ணை எங்கள் பக்கம் பூவாடைக்காரி என்று கும்பிடுவது வழக்கம். செம்பில் நீர் வைத்து, மேலே தேங்காய் நிறுத்தி, புதுச் சேலையைக் கொசுவிச் சுற்றி, பூ வைத்து உட்காரவைத்தால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். அவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து இலையில் படைக்க வேண்டும். அவள் சாப்பிடும்வரை ஒருவரும் ருசி பார்க்கக் கூடாது. உப்பும் காரமும் கைக்கணக்கில் போட வேண்டியதுதான்.

சிறு வயதில் இந்த நாள் எனக்குப் பிடிக்காது. அம்மாவுக்குச் சமைக்க இவள் யார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே மூலையில் உட்கார்ந்திருப்பேன். இன்று மூலையில் உட்கார முடியாது, அடுப்படியில் நாற்காலி போட்டு, காலுக்கு ஒரு முக்காலியும் போட்டு என்னைப் பாகற்காய் நறுக்க வைத்துவிட்டாள். சாம்பார், பாகற்காய்ப் பொரியல், கொத்தவரங்காய்ப் பருப்பு உசிலி, வெல்லம் போட்ட கொழுக்கட்டை, வடை. இருபத்தெட்டு வருஷமாக மாறாத பட்டியல்.

பூக்காரி வந்தாள் என்று சித்தி வாசலுக்குப் போனாள். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் பொரியல் வதங்கிக்கொண்டிருந்தது. உப்புப் போட்டாளா? திரும்பி வந்ததும் கேட்டால் போட்டேன் என்றுதான் சொல்லுவாள், மறதி அதிகமாகிவிட்ட வயது. ருசி பார்க்கவும் வழியில்லை. எட்டி, இரண்டிலும் நானே போட்டுவிட்டேன்.

கற்பூரம் அப்பா காட்டுவார். இப்போது நான், வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில். பச்சையில் மாம்பழக்கரை போட்ட சேலை. ஒவ்வொரு வருஷமும் சேலை எனக்குத்தான் வரும், ஒவ்வொரு வருஷமும் பெட்டியில் போய் உட்காரும்.

பிறகு நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். முதல் கவளத்திலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது, அப்படி ஒரு உப்பு. சித்தியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் மென்றுகொண்டிருந்தாள்.

“நாந்தான் மறதியா ரெண்டு தபா போட்டுட்டன் போலகீது” என்றாள்.

சும்மா இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. “நீ ஒரு தபாதான் போட்ட. இன்னொண்ணு நானு.”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டிருக்கலாமே என்றுகூடச் சொல்லவில்லை. “அக்கா ஒண்ணும் சொல்லாம சாப்ட்டாங்க, நாமளும் சாப்டுவோம்” என்று மோரை நிறைய ஊற்றிக்கொண்டாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், இதில் இட்டவர் இரண்டு பேர், யாரை நினைப்பது என்று கேட்டேன். சித்தி சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. ஆடி மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

காலையிலும் தாகம் அடங்கவில்லை. இரண்டாவது செம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தவள் செம்பைக் கீழே வைத்தேன். அவளும் போட்டாள், நானும் போட்டேன்.

நூருல்லா டிசம்பரில் நிரலோடு அனுப்பிய குறிப்பைத் தேடி எடுத்தேன். வந்த அன்று திறக்கவே இல்லை. மூன்றாவது பத்தியில் தெளிவாக எழுதியிருக்கிறான், பூமியின் ஓட்டத்தை இந்த நிரல் தானே கழித்துவிடும், தனியாகக் கழிக்க வேண்டாம்.

இரண்டு வருஷப் பதிவுகளையும் அந்த நிரலில் போட்டுத்தான் எடுத்தேன். அது கழித்து வைத்ததை நான் மறுபடி கையால் கழித்திருக்கிறேன். ஒவ்வோர் இரவுக்கும், சிரத்தையாக. இரண்டு தடவை கழித்தால் மிஞ்சுவது பூமியின் ஓட்டம்தான், தலைகீழாக. திருத்திப் போட்டுப் பார்த்தேன். ஜனவரியும் மே மாதமும் ஒரே எண். நட்சத்திரம் இருந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது. ஆடியது நான், பழி அதன்மேல்.

துணை இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நூருல்லாவுக்குப் போன் செய்து சொன்னேன். எழுதியிருந்தேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும், திட்டு வாங்கிய கணக்காவது தீர்ந்திருக்கும். அவனோ, “அந்த ஈயம் அங்கதானங்க இருக்கு? அது நம்ம கழித்தல்ல வந்தது இல்லியே” என்றான். பழைய பதிவுகள் எங்காவது கிடைக்கிறதா என்று தேடிப் பார்ப்பதாகச் சொன்னான்.

இந்தத் தடவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். நான் கண்ட ஓட்டம் தவறு, பூமியினுடையது, கண்டுபிடித்துச் சொன்னதற்கு நன்றி. சுருக்கென்று எழுதி வைத்திருந்த பதிலை அழிக்கும்போது முகம் சூடானது. அந்த மனிதருக்கு அது போகாமல் இருந்ததற்கு ஆடி வெள்ளிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஒளிந்துகொள்ள ஓரிடம் இருந்தால் நன்றாக இருக்கும், வாக்கரோடு எங்கே ஒளிவது. பெரிய துக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். வெட்கம்தான் இருந்தது, அதுவும் மதியச் சாப்பாட்டோடு பாதி குறைந்துவிட்டது.

சித்தியிடம் சொன்னேன். பக்கத்து வீடு கிடையாதாம், ஈயம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்று.

“பார்சல் வந்துருக்கு, அனுப்புனவங்க இல்லாமப் பூடுவாங்களா? அட்ரஸ் அழிஞ்சிருக்கும், அவ்ளோதான்” என்றாள்.

ஆறுதலுக்குச் சொன்னதுதான், அறிவியல் இல்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. அந்த இதத்தில்தான், இத்தனை வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டேன். அம்மாவுக்கு என்னென்ன பிடிக்கும் என்று உனக்கு யார் சொன்னது? அப்பாவா?

அப்பாவுக்கு ஒன்றும் தெரியாதாம். கேட்டால், எதைப் போட்டாலும் சாப்பிடுவாள் என்பாராம். அம்மா வீட்டுக்காரர்கள் அப்போது போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். வந்த முதல் ஆடியில் என்ன சமைப்பது என்று தெரியாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாளாம்.

“அப்பறம் உன்ன பாத்தேன். நீ எத விரும்பித் துண்றியோ, அது உங்கம்மா பழக்குனதாத்தான இருக்கும்? நீ கொழுக்கட்ட கேட்டு அழுவ. கொத்தவரங்கா தட்டுல வெச்சா மிச்சம் வைக்க மாட்ட. பாவக்கா எந்தக் கொழந்தயாவது துண்ணுமா? நீ துண்ண. சரி, அக்கா கைப்பழக்கம்னு எல்லாத்தையும் சேத்துக்கினேன்.”

நான் மூலையில் உட்கார்ந்து கறுவிக்கொண்டிருந்த வருஷங்களில் எல்லாம் இவள் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எதிரில் இருக்கிற பிள்ளையை வைத்து, போய்விட்ட ஒருத்தியைக் கண்டுபிடிக்க முயன்றிருக்கிறாள். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதும் அதுதான். சொல்லலாம் என்று வாயெடுத்தேன், அதற்குள் பால் பொங்கிவிட்டது என்று எழுந்து ஓடினாள்.

ஆகஸ்ட் 6, புதன்

கட்டுக்குள் அரிப்பு. சித்தியின் பின்னல் ஊசிதான் இன்றைக்கு உலகத்திலேயே சிறந்த கருவி.

ஆகஸ்ட் 9, சனி

நூருல்லா பிடித்துவிட்டான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சிலி நாட்டில் ஒரு தொலைநோக்கியில் வேறு எதற்கோ எடுத்த பதிவுகளில் என் நட்சத்திரமும் இருக்கிறது. யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்திருக்கிறது. அவனைத் தனியாக ஒருதரம் கணக்கிடச் சொல்லியிருக்கிறேன், நான் தனியாக ஒருதரம். பூமியின் ஓட்டத்தை யார் கழிப்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். அவன் வாய்க்குள் சிரித்தது போனில் கேட்டது.

ஆகஸ்ட் 13, புதன்

இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அது இப்போதைவிட நொடிக்கு ஆறு கிலோமீட்டர் வேகமாக விலகிக்கொண்டிருந்தது. சிறிய எண்தான். ஆனால் கருவிக் கோளாறு என்று தள்ள முடியாத அளவு. முப்பது கிலோமீட்டர் பொய் மேலே உட்கார்ந்திருந்தவரை இந்த ஆறு தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

துணை இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் அவசரக்காரி இல்லை, ஒரு சுற்றுக்குப் பல பத்து வருஷம் எடுத்துக்கொள்கிறவள். இன்னும் சில வருஷம் விடாமல் அளந்தால்தான் அடித்துச் சொல்ல முடியும். கட்டுரையை அப்படியே எழுதப்போகிறோம், இவ்வளவு தெரிகிறது, இவ்வளவு தெரியவில்லை என்று. முதல் பெயராக நூருல்லாவைப் போட்டேன். வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னான், நாலாவது தடவை சொல்லவில்லை.

சந்தோஷமாக இருக்கிறது. சித்தியிடம் பக்கத்து வீடு கிடைத்துவிட்டது என்றேன். “நாந்தான் சொன்னேனே” என்று அப்பளம் பொரித்தாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கட்டுப் பிரித்தாகிவிட்டது. உள்ளே இருந்த கால் வேறு யாருடையதோபோல் மெலிந்து வெளுத்திருக்கிறது. ஒரு வாரம் மெதுவாக நடந்து பழகிவிட்டுப் போகலாம் என்றார் டாக்டர். ஒரு வாரம் போதுமா என்று நான்தான் கேட்டேன்.

ஆடி முடிந்து ஆவணி வந்துவிட்டது. சித்தி ஒருநாளும் முகத்தைத் தூக்கவில்லை. ஆடிக்கு நான் எந்த முகத்தோடு வந்து இறங்குவேன் என்பதை இத்தனை வருஷமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஏகாம்பரம் மாமா வந்துவிட்டுப் போனார். அம்மாவின் தம்பி, சோளிங்கரில் இருக்கிறார். அப்பா மறுகல்யாணம் செய்ததில் மனஸ்தாபப்பட்டு இந்த வாசல் மிதிக்காதவர், கல்யாண வீடுகளில் பார்த்தால் எனக்குத் தலையசைப்பார். என் கால் உடைந்ததைச் சித்தியே போன் செய்து சொல்லியிருக்கிறாள். சாத்துக்குடிப் பையோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். சித்தி “வாங்க தம்பி” என்றதும் உள்ளே வந்தார்.

படையல் சேலையைக் கட்டியிருந்தேன். மற்றதெல்லாம் துவைக்கப் போட்டிருந்தது. மாமா என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சுவரைப் பார்த்தார்.

மதியம் சித்தி இலை போட்டு, அக்காவுக்குப் பிடித்ததாயிற்றே என்று பாகற்காய்ப் பொரியலை முதலில் வைத்தாள். மாமா சிரித்துவிட்டார். வெள்ளை மனசு, எதையும் மறைக்கத் தெரியாது.

“யாரு, எங்கக்காவா? பாவக்கா வாசன வந்தாலே எழுந்து போயிடுமே. அம்மா அடிச்சிக்கூடப் பாத்தாங்க, வாயில வைக்கல.”

சித்தி கரண்டியைப் பிடித்தபடியே ஒவ்வொன்றாகக் கேட்டாள். கொழுக்கட்டை? அது உயிர் என்றார். கொத்தவரங்காய்? அதுவும்தான். பாகற்காய் மட்டும் இல்லை. மாமாவுக்கு ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று புரிந்திருக்க வேண்டும். சமாளிக்க வேறு கதைகளைச் சொல்லத் தொடங்கினார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மாவைப்பற்றி இவ்வளவு பேச்சை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

“ஆனா ஒண்ணு, எங்கக்கா சமையல்ல உப்பு எப்பவும் தூக்கல்தான். போட்டமா இல்லியான்னு அதுக்கே சந்தேகம் வந்துரும், மறுபடி போடும். கதவும் அப்டித்தான். தாப்பா போட்டுட்டு நாலடி வந்துட்டு, திரும்பிப் போய் இழுத்துப் பாக்கும். நாங்கல்லாம் சிரிப்போம்.”

நான் சித்தியைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மாமா முன்னால் இருவரும் சிரித்திருப்போம், அல்லது அழுதிருப்போம்.

அடுத்த ஆடிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். சித்தி பாத்திரத்தை ஒழிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மீந்த பாகற்காய் எதிரில் இருந்தது.

“இருவத்தெட்டு வருசம்” என்றாள். “புடிக்காத ஒண்ண புடிச்சிப் புடிச்சி வெச்சிருக்கேன் அவங்களுக்கு. உனக்கும் அதச் சொல்லியே வளத்துட்டேன்.”

அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது என்று நான் பொத்தி வைத்திருந்த ஒரே ஒரு பொருள் அது. போய்விட்டது. துக்கம் வரும் என்று காத்திருந்தேன், வந்தது வேறொரு நினைப்பு. இந்த வீட்டில் பாகற்காயை விரும்பித் தின்கிறவள் இன்னொருத்தி இருக்கிறாள், சித்தி. வந்த முதல் மாதத்திலேயே தனக்காகச் செய்து, தன் தட்டிலிருந்து எடுத்து எனக்கு வைத்திருப்பாள். நான் தின்றதைப் பார்த்து அது அம்மாவுடையது என்று எண்ணிக்கொண்டாள். தான் கொடுத்ததைத் தன் கணக்கில் சேர்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

“பாவக்கா எனக்கு உன்னாண்டேருந்து வந்தது சித்தி” என்றேன். “அம்மாகிட்டேருந்து வந்தது அந்த ரெண்டாவது உப்பு.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் பாகற்காயை விட்டுவிடலாமா என்று கேட்டாள்.

“வேணாம், இருக்கட்டும். இத்தன வருசத்துல அவங்களுக்கும் பழகியிருக்கும்.”

சித்தி யோசித்துக்கொண்டே கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். நான் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“அப்போ இந்த வருசந்தான்” என்றாள், “உப்பு தூக்கலா, அக்கா வாய்க்கு ருசியா சாப்ட்டிருப்பாங்க.”